இந்த வருட நிதி புத்தகப் பைக்கா, கண்ணாடிக்கா?

உவர்மலை வாசி:
இந்த வருட நிதியை எதற்குச் செலவழிப்பது என்ற பேச்சை நம் சங்கக் கூட்டத்தில் கால் மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை, அதுதான் இங்கே போடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற நம் திருகோணமலை ஆட்கள் சிறுவர்களின் சுகாதாரம், கல்வி, நலன் என்று சொல்லி இந்த முறை 9 இலட்சம் ரூபாய் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். சங்கம் 5 வருடமாகச் செய்வதையே திரும்பவும் செய்யப் போகிறதாம். தவணை தொடங்கும்போது ஒரு மண்டபம், ஒரு பதாகை, 200 பிள்ளைகளுக்குப் பையும் கொப்பியும், பிள்ளைக்கு 4500 ரூபாய், காசும் முடிந்தது வேலையும் முடிந்தது.

போன முறை கொடுத்து மூன்று மாதம் கழித்து வெருகல் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். ஏழாம் ஆண்டில் ஒரு பொடியன், இரண்டாவது வாங்கில் இருக்கிறான், கரும்பலகையைப் பார்க்கக் கண்ணின் ஓரத்தை விரலால் இழுத்துப் பிடிக்கிறான், அப்படியும் தெரியாமல் பக்கத்தில் இருப்பவனின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறான். ஆசிரியையிடம் கேட்டால், பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்டுபிடித்து வீட்டுக்குக் கடிதம் கொடுத்தாயிற்று என்றார். கடிதம் எங்கே என்று அவனிடம் கேட்டேன். பையின் முன் பொக்கற்றில் இருந்து நாலாக மடித்ததை எடுத்தான். நாங்கள் கொடுத்த பை அது.

அப்பா கூலி வேலை. திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வர இரண்டு பஸ், ஒரு நாள் சம்பளம் போய்விடும், கண் பார்ப்பது இலவசம் என்றாலும் கண்ணாடியைக் கடையில்தான் வாங்க வேண்டும். என் கணக்கு இதுதான்: கண்ணாடி, பஸ் காசு, கூட வருகிற தாய் தகப்பனுக்கு ஒரு நேரச் சாப்பாடு, எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு 10,000 வைத்தால் 40 பிள்ளைகளுக்கு 4 இலட்சம். மிச்சத்தில் ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு வைப்போம்.

பாலையூற்று அண்ணன்:
தம்பி, அந்தப் பைகளை 5 வருடமாகக் கட்டிக் கொடுத்த ஆட்களில் நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன். மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில் தவணை தொடங்குகிற கிழமை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தீர்களா? அரசாங்கம் 1980 இலிருந்து பாடப் புத்தகம் தருகிறது, 1993 இலிருந்து சீருடைத் துணி தருகிறது, சரி. கொப்பி? பை? தோட்டை அடகு வைத்துக் கொப்பி வாங்கின தாயை எனக்குத் தெரியும். கொப்பி இல்லாத பிள்ளை முதல் கிழமை வெட்கத்தில் வராது, இரண்டாம் கிழமையும் வராது, அப்புறம் தகப்பனோடு வலை இழுக்கப் போய்விடும். அந்த முதல் கிழமையைத்தான் நாங்கள் பிடித்து வைக்கிறோம்.

200 பேருக்குக் கொடுத்ததை 40 பேருக்குச் சுருக்கினால் மிச்சம் 160 வீட்டுக்கு யார் பதில் சொல்வது? கண்ணாடி ஆஸ்பத்திரியின் பொறுப்பு, அரசாங்கத்தின் பொறுப்பு. நாங்கள் எடுத்துச் செய்தால் அவர்கள் கை கழுவி விடுவார்கள். இன்னொன்று, பொடியன்கள் கண்ணாடி போட மாட்டார்கள். சோடாப்புட்டி என்று நக்கல் அடிப்பார்கள், இரண்டாம் நாளே கழற்றி மேசைக்குள் போட்டுவிடுவான்.

லண்டன் திருமலையான்:
காசு சேர்த்த ஆட்களில் நானும் இருக்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்த 5 வருடத்தில் எங்களுக்கு வந்தது படங்கள் மட்டும்தான். எத்தனை பிள்ளைக்கு என்ன மாறியது என்று ஒரு வரி கூட வரவில்லை.

இங்கே இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். பிபிசியின் சில்ட்ரன் இன் நீட் என்ற சிறுவர் உதவி நிதி 1980 இலிருந்து தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தி மக்களிடம் சேர்க்கிறது. சேர்ந்த காசின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குள் பிள்ளைகளோடு வேலை செய்கிற உள்ளூர் அமைப்புகளுக்கு மானியமாகப் போகிறது, அதில் அங்கே வேலை செய்கிற ஆளின் சம்பளமும் வரலாம். கேட்கிறவர் பிள்ளைக்கு என்ன மாறும், என்ன செலவு, பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு அறிக்கையும் கொடுக்க வேண்டும். நாங்களும் அப்படிச் செய்வோம். பாடசாலைகள் விண்ணப்பிக்கட்டும், நல்ல திட்டத்துக்குக் கொடுப்போம், ஆறு மாதத்தில் ஒரு அறிக்கை.

வெருகல் டீச்சர்:
லண்டன் தம்பி, கணக்குக் கேட்பது உங்கள் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. விண்ணப்பத்தில்தான் இருக்கிறது. எங்கள் அதிபர் அலுவலகமும் பார்த்துக் கணிதமும் படிப்பிக்கிறார். முன்பு ஒரு அமைப்பு 14 பக்க ஆங்கிலப் படிவம் அனுப்பியது, இரண்டு இரவு இருந்து நிரப்பினோம், கணக்காய்வு அறிக்கை இல்லை என்று திரும்பி வந்தது. பழைய மாணவர் சங்கம் உள்ள பட்டினத்துப் பாடசாலை அழகாக எழுதி எடுத்துக்கொண்டது. எழுதத் தெரிந்த இடத்துக்குப் போகிற காசு இல்லாத இடத்துக்கு வராது.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வராத அமைப்பே இல்லை. 2006 இல் சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகும் வந்தார்கள். நல்ல வேலையும் நடந்தது, நான் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு வருடத் திட்டம் முடிந்ததும் ஆட்கள் போனார்கள், பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. உளவளத் துணை செய்ய வந்த இளம் பெண் ஒருத்தி கிழமைக்கு இரண்டு நாள் வந்து பிள்ளைகளோடு இருந்து கதைத்தாள், அவளிடம் மட்டும் வாய் திறந்த பிள்ளைகள் இருந்தார்கள், திட்டம் முடிந்ததென்று ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த கிழமை, மிஸ் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள்.

பாலையூற்று அண்ணன் சொன்ன நக்கல் உண்மைதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வகுப்பில் ஒருவனுக்கு மட்டும் கொடுக்காமல் தேவையான எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். என் வகுப்பில் நாலு பேர் ஒரே காலையில் போட்டுக்கொண்டு வந்தபோது நக்கல் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அதில் ஒருத்தி வேப்ப மரத்தைப் பார்த்துவிட்டு, டீச்சர், இலை ஒவ்வொன்றாய்த் தெரியுது என்றாள்.

சாப்பாட்டையும் மறக்க வேண்டாம். ஆரம்பப் பிரிவுக்கு அரசாங்கச் சாப்பாடு வருகிறது. எங்கள் பாடசாலையில் ஆறாம் ஆண்டிலிருந்து மேலே இல்லை. இரண்டாம் பாடத்திலேயே வயிறு குத்துது என்று மேசையில் தலையை வைக்கிற பிள்ளைக்குப் பையும் உதவாது, கண்ணாடியும் உதவாது.

மூதூர்த் தாய்:
நான் வாங்கின பக்கத்தில் இருந்து எழுதுகிறேன், பிழையென்றால் மன்னியுங்கள். என் மகளுக்கு ஒரு அமைப்பு பை கொடுத்தது (உங்கள் சங்கம் இல்லை). எங்களுக்கு அந்த வருடம் அது பெரிய உதவி. ஆனால் கொடுக்கும்போது எடுத்த படத்தை பேஸ்புக்கில் போட்டு, வறிய மாணவி என்று எழுதியிருந்தார்கள். வகுப்புப் பிள்ளை ஒன்று போனில் அதைக் காட்டியிருக்கிறது. பையின் முதுகிலும் கொடுத்தவரின் பெயர் பெரிய எழுத்தில். நான் கறுப்பு மார்க்கரால் அழித்துப் பார்த்தேன், வெயிலில் திரும்பத் தெரிந்தது. இப்போது அவள் சிப் அறுந்த பழைய பையை ஊசியால் தைத்துக் கொண்டு போகிறாள். புதுப் பை அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும்.

லண்டன் திருமலையான்:
அக்கா, படம் கேட்டது நாங்கள்தான். காசு போய்ச் சேர்ந்ததை நம்ப வேறு வழி தெரியவில்லை. கடைப் பற்றுச்சீட்டும் அதிபரின் கையொப்பமும் போதும் என்று இங்கே எல்லோருக்கும் இன்றே எழுதுகிறேன். டீச்சர், 14 பக்கம் வேண்டாம். தமிழில் ஒரு பக்கம், என்ன தேவை, எத்தனை பேர், எவ்வளவு. அறிக்கைக்குப் பதில் நான் உங்களுக்கு அழைப்பு எடுத்துக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

பாலையூற்று அண்ணன்:
படத்தைப் பற்றி அந்தத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நானும் எத்தனையோ பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி என்று சொல்லியிருக்கிறேன். இனி அது நடக்காது.

ஆனால் பையை விட முடியாது. யாருக்குக் கண்ணாடி என்று எப்படிப் பெயர் எடுப்பீர்கள்? கிராம சேவகரிடம் கேட்டால் ஒரு பட்டியல், கோயில் தலைவரிடம் கேட்டால் இன்னொன்று. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் பிள்ளைகளின் மருத்துவ விவரத்தைச் சங்கத்துக்குத் தராது, தரவும் கூடாது.

உவர்மலை வாசி:
அண்ணை, பட்டியலே வேண்டாம். மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆம் ஆண்டுகளில் நடக்கிறது, அதில் கண் குறை தெரிந்தால் கடிதம் வீட்டுக்குப் போகிறது. அந்தக் கடிதத்தோடு எந்தத் தாய் வந்தாலும் கொடுப்போம். சம்பளச் சான்றிதழ், அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் வாங்குகிற அத்தாட்சி ஒன்றும் கேட்க வேண்டாம். ஏழை என்று நிரூபிக்கச் சொல்கிற இடத்திலேயே பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள்.

அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறீர்கள், அதை நான் மறுக்கவில்லை, அதற்கும் மனு எழுதுவோம். ஆனால் அவன் இப்போது ஏழாம் ஆண்டு. அரசாங்கம் செய்கிற வரைக்கும் காத்திருந்தால் ஓ.எல். பரீட்சை வந்துவிடும்.

அடுத்த வருடத்துக்கு ஏன் காசு வைக்கச் சொன்னேன் என்றால், வளர்கிற பிள்ளையின் கண் நம்பர் மாறும். இன்று போட்ட கண்ணாடி ஒன்றிரண்டு வருடத்தில் பொருந்தாமல் போகலாம். ஒரு தடவை கொடுத்து விட்டுவிட்டால், டீச்சர் சொன்ன அந்தப் பெயர்ப்பலகை மாதிரித்தான்.

பாலையூற்று அண்ணன்:
கடிதத்தோடு வருவது நல்ல வழி, ஒத்துக்கொள்கிறேன். பாங்கில் காசு கிடக்கப் பிள்ளை கொப்பி இல்லாமல் இருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் 60 பை, பெயர் அடிக்காமல், மண்டபம் இல்லாமல், தவணைக்கு முதல் கிழமையே அதிபரிடம் போய்விட வேண்டும். 2 இலட்சத்து 70 ஆயிரம். இதற்குக் கீழே இறங்க மாட்டேன், கூட்டத்திலும் இதையே சொல்வேன்.

உவர்மலை வாசி:
60 என்றால் கையிருப்பும் டீச்சர் சொன்ன சாப்பாடும் மிச்சமுள்ள 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும். நான் 40 பை என்பேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுவோம்.

லண்டன் திருமலையான்:
சாப்பாட்டுக்கு நான் இங்கே தனியாகக் கேட்டுப் பார்க்கிறேன். கையிருப்பில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வெருகல் டீச்சர்:
40 ஓ 60 ஓ நீங்கள் பேசி முடியுங்கள். அந்தப் பொடியனின் கடிதத்தை இன்று வாங்கிப் பார்த்தேன், எழுதி நாலு மாதம் ஆகிறது, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை கண் கிளினிக் இருக்கிறது. தகப்பனுக்கு வேலை என்றால் தாயையும் அவனையும் நானே முதல் பஸ்ஸில் கூட்டி வருகிறேன், அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன். பஸ் காசு என்னிடம் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் யார் நிற்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பாலையூற்று அண்ணன்:
நான் நிற்கிறேன் டீச்சர். பஸ் ஸ்ராண்டிலேயே நிற்கிறேன்.