போர் தண்ணீர், ஃப்ரண்ட் லோட் மெஷின்: கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு, துண்டில் வாடை

மாடிவீட்டுக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் அபார்ட்மென்ட்ல கடைசி மாடி. 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின். போர் தண்ணி, மொட்டை மாடி டேங்க்ல இருந்து வருது. ரெண்டு தொல்லை. கறுப்பு லெகிங்ஸ், நேவி ப்ளூ பேன்ட் எல்லாத்துலயும் காய்ஞ்சதும் சாக்பீஸ் இழுத்த மாதிரி வெள்ளைத் திட்டு. அடுத்தது, துண்டும் தலைகாணி உறையும் துவைச்சு எடுத்தாலும் ஒரு வாடை.

தினமும் குவிக் வாஷ் 15 நிமிஷம், டிரம் நிறைய போடுவோம். பவுடர் ரெண்டு ஸ்கூப், கடைசியா கண்டிஷனர். வந்த சர்வீஸ்காரர் மீட்டரை விட்டுப் பார்த்து "டிடிஎஸ் 1,100, வாட்டர் சாஃப்ட்னர் போட்டே ஆகணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். போட்டே ஆகணுமா?

டிரம்_டாக்டர்

மேடம், காசு செலவு பண்றதுக்கு முன்னாடி அந்த வெள்ளை என்னன்னு பாருங்க. வெள்ளையில மூணு வகை இருக்கு, மூணுக்கும் வைத்தியம் வேற.

காய்ஞ்ச துணியில திட்டு இருக்கிற இடத்துல செல்லோ டேப்பை ஒட்டி உரிங்க. டேப்புல பஞ்சு இழையா வந்தா அது துண்டு விட்ட நூல் தூசி. வரலைன்னா அந்த இடத்தை வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு விரலால தேயுங்க. வழவழன்னு வந்து, லேசா நுரைச்சுப் போயிட்டா கரையாத பவுடர். தண்ணிக்கு அசையலையா, இன்னொரு திட்டுல வெள்ளை வினிகர் ரெண்டு சொட்டு விடுங்க. ஒரு நிமிஷத்துல மறைஞ்சா அது சுண்ணாம்பு, அதாவது தண்ணியோட கடினத்தன்மை. இந்த வரிசை மாறக்கூடாது. பவுடர்லயும் சோடா இருக்கு, அதுவும் வினிகர் பட்டா பொங்கும். முதல்லயே வினிகரை விட்டா எது எதுன்னு தெரியாது.

பரிசோதனை ஒரு பக்கம் இருக்கட்டும். 15 நிமிஷ குவிக் வாஷ்ல முழு டிரம் துணி போடவே கூடாது. 7 கிலோன்னு மெஷின் மேல எழுதியிருக்கிறது காட்டன் புரோகிராமுக்கு. சிந்தெடிக்ல பாதிதான், குவிக் வாஷ்ல பெரும்பாலும் 2 கிலோ. ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோ, குளியல் துண்டு அரை கிலோன்னு கணக்குப் போட்டா நாலு உருப்படியிலயே ஒரு குவிக் வாஷ் நிறைஞ்சிடும். காட்டன்லயும் துணிக்கு மேல உள்ளங்கையை நிமிர்த்தி விடுற அளவு இடம் இருக்கணும். துணி மேல ஏறிக் கீழ விழுந்தாத்தான் அழுக்கு போகும். இடம் இல்லைன்னா பவுடர் மடிப்புக்குள்ள மாட்டிக்கிட்டு அலசுறப்பவும் வெளிய வராது.

உப்புத்தண்ணி

டிடிஎஸ் மீட்டரை வைத்து சாஃப்ட்னர் விற்பது தவறு. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. துணிக்குத் தொல்லை தருவது அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். சாதாரண உப்பே அதிகமாக இருந்தாலும் மீட்டர் 1,100 காட்டும். சாஃப்ட்னர் போட்ட பிறகும் டிடிஎஸ் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் உள்ளேயிருக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, அவ்வளவே.

பார்க்க வேண்டியது மொத்தக் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-ன்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. சொட்டு எண்ணிப் பார்க்கும் ஹார்ட்னஸ் கிட் கடைகளில் கிடைக்கும், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தும் பார்க்கலாம். வீட்டிலேயே உத்தேசமாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் போர் தண்ணீர், பாதி அளவு. இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். போர் தண்ணீரில் நுரை எழும்பாமல் தயிர் திரிந்ததுபோல் மிதந்தால் கடினம்தான். துணி சோப்புத்தூளை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது கடின நீரிலும் நுரைக்கும்.

ஏன் வெள்ளை படிகிறது என்றால், பெரும்பாலான பவுடர்களில் வாஷிங் சோடா உண்டு. அது கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லேதான், துணியிலேயே படியும். கடின நீரில் கறுப்புத் துணிக்கு லிக்விட் நல்லது, அதில் பொதுவாக சோடா இருக்காது. இன்னொன்று: கடின நீருக்கு டிடர்ஜென்ட் கொஞ்சம் கூடுதலாகத்தான் தேவை. திட்டு வருகிறதே என்று பாதியாகக் குறைத்தால் அழுக்கே துணியில் திரும்பப் படிந்து வெள்ளைத்துணி சாம்பல் நிறமாகும். பாக்கெட்டில் கடின நீருக்கென்று போட்டிருக்கும் அளவைப் பின்பற்றி, ஓர் அலசலைக் கூட்டுங்கள்.

மெஷின் குழாயில் மாட்டும் சின்ன கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது பாலிஃபாஸ்பேட். ஹீட்டரில் உப்பு கட்டுவதைக் குறைக்கும், கடினத்தன்மை அளவைக் குறைக்காது. ஹீட்டருக்காக வாங்குவதென்றால் வாங்கலாம்.

கொடிக்கயிறு

அக்கா, வாடைக்கு நான் சொல்றேன். துண்டும் தலைகாணி உறையும்னு ரெண்டே பேரைச் சொன்னீங்க பாருங்க, அதுவே விடை. தலை எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலயே உறைய ஆரம்பிக்கும். பச்சைத்தண்ணியில 15 நிமிஷம் சுத்தினா அது நூலை விட்டு முழுசா வராது. அடுத்தடுத்த துவைப்பில் சேர்ந்து சிக்கு நாற்றம் அடிக்கும். துண்டு, உறை ரெண்டையும் தனியா 60 டிகிரி காட்டன்ல போடுங்க. உறையில மஞ்சளாத் தெரியுற இடத்துல பாத்திரம் கழுவுற லிக்விட் நாலு சொட்டு தடவி 15 நிமிஷம் விட்டு, அதைக் கையால அலசிட்டு மெஷின்ல போடணும். அலசாமப் போட்டா நுரை பொங்கி டிராயர் வழியா வெளிய வரும்.

துண்டுக்கு கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது மெழுகு மாதிரி நூல் மேல படிஞ்சா துண்டு தண்ணியை உறிஞ்சாது, எண்ணெயும் அதுக்கு அடியிலயே தங்கிடும்.

மெஷின்லயும் பாருங்க. கதவு ரப்பரோட கீழ் மடிப்பை விரலால விலக்கினா சாம்பல் நிறத்துல கொழகொழன்னு இருக்கும், ஹேர்பின்னும் சிக்கியிருக்கும். அங்க சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், தண்ணி இறங்குறதுக்கு. அது அடைச்சா தண்ணி தேங்கி அழுகும். பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு, ஈரத்துணியால துடைங்க. கீழ ஓரத்துல இருக்கிற பம்ப் ஃபில்டரைத் திறக்குறதுக்கு முன்னாடி தட்டு வைங்க, பக்கத்துல இருக்கிற சின்ன குழாயில தண்ணியை வடிச்சுடுங்க. இல்லைன்னா பாத்ரூம்ல இல்லாம பால்கனியில வெச்சிருக்கிறவங்க கீழ்வீட்டுக்காரங்ககிட்ட பேச்சு வாங்கணும்.

மாடிவீட்டுக்காரி

பார்த்துட்டேன். டேப்புல ஒண்ணும் வரலை. பாதித் திட்டு தண்ணியில போகுது, மீதி வினிகர்ல போகுது. அப்போ ரெண்டுமா? இன்னொரு விஷயம், டிராயர்ல பவுடர் கேக் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது, கண்டிஷனர் அறையில எப்பவும் தண்ணி தேங்கி இருக்கு. மெஷின் தொட்டிக்கு ப்ளீச்சும் வினிகரும் ஊத்தி ஒரு ஓட்டு ஓட்டிடலாமா?

டிரம்_டாக்டர்

ப்ளீச்சும் வினிகரும் சேர்த்து ஊத்தாதீங்க, சிட்ரிக் ஆசிடும் கூடாது. குளோரின் வாயு வரும். வேணும்னா வேற வேற நாள்ல, நடுவுல வெறும் தண்ணியில ஒரு ஓட்டு.

டிராயர்ல கேக் நிக்குதுன்னா தண்ணி பிரஷர் குறைவு. கடைசி மாடிக்கு இதான் வழக்கமான நோய். பத்து மீட்டர் உயரம் இருந்தா ஒரு பார் அழுத்தம். உங்க டேங்க் தண்ணி மட்டத்துக்கும் மெஷினுக்கும் நடுவுல ரெண்டு மீட்டர்னா 0.2 பார்தான். பல மெஷின்களுக்கு குறைஞ்சது 0.3 இல்ல 0.5 பார் வேணும், கையேட்டுல போட்டிருப்பாங்க. முதல்ல பைப்பை மூடிட்டு, இன்லெட் ஹோஸைக் கழட்டி மெஷின் பக்கம் வாயில இருக்கிற சின்ன சல்லடையை மூக்கு நுனி பிளையரால மெதுவா இழுத்து, மணல் இருந்தா பிரஷ்ல கழுவுங்க. அப்புறமும் மந்தமா இருந்தா டேங்கை மேடை கட்டி உயர்த்தணும், இல்ல சின்ன பிரஷர் பம்ப். அதுவரைக்கும் லிக்விடை டிராயர்ல விடாம டோசிங் மூடியில (அளந்து ஊத்துற மூடி) ஊத்தி டிரம்முக்குள்ள வைங்க.

கண்டிஷனர் அறையை முழுசா இழுத்து வெளிய எடுங்க. நடுவுல குழல் மாதிரி ஒரு மூடி இருக்கும், கழட்டினா பாகு மாதிரி அடைச்சிருக்கும். சுடுதண்ணியில ஊற வெச்சா போயிடும். குறியிட்ட கோட்டுக்கு மேல ஊத்தினா கண்டிஷனர் முன்னாடியே இறங்கிடும், டிடர்ஜென்ட்டோட சேர்ந்து பிசுபிசுன்னு புள்ளியா படியும்.

தொட்டிக்கு: காலி டிரம்முல சிட்ரிக் ஆசிட் 100 கிராம், 60 டிகிரி காட்டன், துணியும் பவுடரும் இல்லாம. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும், அடிக்கடி பண்ணினா ரப்பருக்கு ஆகாது. நடுவுல மாசம் ஒரு தடவை வெறும் டப் க்ளீன்.

உப்புத்தண்ணி

ஏற்கெனவே திட்டு விழுந்த துணிக்கு: 5 லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாக அலசுங்கள். ஆசிட் துணியிலேயே காய்ந்தால் பருத்தி நூல் நைந்துபோகும். உலோகப் பித்தான் வைத்ததையும் பட்டுத் துணியையும் போட வேண்டாம்.

வெள்ளைச் சட்டை மஞ்சளடித்திருந்தால் குளோரின் ப்ளீச் ஊற்றாதீர்கள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் ப்ளீச் அதை ஆக்சிஜனேற்றித் துருவாக்கி, கறையை இன்னும் அழுத்தமாகப் பதித்துவிடும். அதற்கும் இதே சிட்ரிக் ஆசிட் கரைசலே சரி.