திருகோணமலை உப்புவெளியில் தொடுதிரை ஹாம் வானொலி செற்: ஐசி-7300 வாங்கலாமா, அந்தக் காசை வேறு எதற்காவது போடுவதா?

உப்புவெளி_தம்பி:

வணக்கம். ஹாம் வானொலி (பொழுதுபோக்காக அலையில் கதைப்பது) அழைப்புக்குறி கிடைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. இவ்வளவு நாளும் பாவித்தது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு ஐயா இரவலாகத் தந்த ஐகொம் ஐசி-718. ஒரு நாளும் கைவிடாத செற். இப்போது அவருடைய பேத்தி பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள், அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்கிறார். நியாயம்தான். ஆகவே எனக்கென்று ஒன்று வாங்கவேண்டும்.

மூன்று வருடமாகச் சேர்த்த காசு, ஒரு முறைதான் செலவழிக்கலாம். மனம் ஐசி-7300இல் நிற்கிறது. 2016இல் வந்த செற் என்றாலும் இன்னும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 100 வாட், 160 மீற்றர் அலைநீளப் பட்டையிலிருந்து 6 மீற்றர் பட்டை வரை, 4.3 அங்குலத் தொடுதிரை. யாசு எஃப்டி-710 2022இல் வந்தது, திரை அதே அளவு. இரண்டையும் இணையத்தில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

ஆசை எங்கே பிடித்தது என்று சொல்கிறேன். போன மாதம் நிலாவெளியில் ஒரு அண்ணையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய 7300 திரையில் 40 மீற்றர் பட்டை முழுவதும் விரிந்து கிடந்தது, யார் எங்கே கதைக்கிறார்கள் என்பது கீழே வழியும் நீர்வீழ்ச்சி போல நிறம் நிறமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் 718இல் குமிழைத் திருகித் திருகி இருட்டில் துழாவியது போல இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு புள்ளியில் விரலை வைத்தார், அந்த இடம் பெரிதாகியது, மறுபடி தொட்டார், மதுரைப் பக்கத்து ஒருவர் தெளிவான தமிழில் மழை பெய்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் யோசனைகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து நான்கு நிமிடம். கேற்றுக்குப் போட்ட பூட்டு இரண்டு வருடம் தாங்காது. இந்த உப்புக் காற்றில் திரை எத்தனை காலம் நிற்கும்? திரை செத்தால் செற்றே செத்த மாதிரியா? அப்புறம், நிலாவெளிக்கு அப்பால் இருக்கும் சிற்றலை ஒலிபரப்பு நிலையம் பக்கத்தில் இருப்பதால் இந்த வகை செற் திணறும் என்று ஒருவர் பயமுறுத்தினார், உண்மையா?

என்னிடம் உள்ள அன்ரெனா 40 மீற்றர் டைபோல் ஒன்றுதான். நடுப்பகுதி பனை மரத்தில் ஒன்பது மீற்றர் உயரத்தில், இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீற்றர் வயர், தலைகீழ் ‘வி’ மாதிரி சரித்துக் கட்டியது.

—

நிலாவெளி_அலை:

தம்பி, அன்று நீங்கள் பார்த்தது என்னுடைய செற்தான், ஆகவே நானே முதலில் சொல்கிறேன்.

ஒலிபரப்பு நிலையத்தைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அது முன்னர் ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெலேயின் மறுஒலிபரப்பு நிலையம், 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. அங்கே உள்ள சிற்றலை ஒலிபரப்பிகள் 250 கிலோவாட் ரகம். நாங்கள் 100 வாட்டை வைத்துக்கொண்டு கதைக்கிறோம், அதில் 2500 மடங்கு. இனி 7300 எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 718 மாதிரியான சூப்பர்ஹெற் செற், வருகிற அலையை வேறு அலைவரிசைக்கு மாற்றி, ஒடுக்கமான வடிகட்டிக்குள்ளால் விட்டு, வேண்டியதை மட்டும் எடுக்கும். 7300 அப்படியில்லை. முன்னால் பட்டைக்குரிய வடிகட்டி ஒன்று உண்டு, அதைத் தாண்டி வருகிற எல்லாவற்றையும் நேரே எண்ணாக மாற்றிவிடும். அதனால்தான் அந்த நீர்வீழ்ச்சிக் காட்சி அவ்வளவு சுத்தமாக வருகிறது. ஆனால் எண்ணாக மாற்றும் சிப்புக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது, வாசலால் வரும் மொத்த அலையும் அதை மீறினால் திரையில் ஓவிஎஃப் என்று சிவப்பாக எரியும். அப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய குரலும் கெட்டுப்போகும்.

பயப்படவேண்டாம், இதற்குக் கைவைத்தியம் இருக்கிறது. முன்பெருக்கியை அணையுங்கள். 40 மீற்றரில் இரவு நேரம் அது தேவையே இல்லை, வானமே போதுமான சத்தம் போடுகிறது. அதற்கும் அடங்காவிட்டால் ஆர்எஃப் கெயினைக் (வாங்கும் உணர்திறனைக்) கொஞ்சம் இறக்குங்கள், அல்லது வரும் அலையைக் குறைக்கும் அற்றெனுவேற்றரைப் போடுங்கள். என் வீட்டில் சில இரவுகளில் எரியும், முன்பெருக்கியை நிறுத்தியதும் அணைந்துவிடும், அவ்வளவுதான். உப்புவெளி இன்னும் தள்ளித்தானே இருக்கிறது. இருந்தாலும் உங்கள் வளவில், உங்கள் அன்ரெனாவில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

திரை செத்தால் என்ன என்று கேட்டீர்கள். இதை விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள்: 7300இல் பட்டையை மாற்ற மெகாஹேர்ட்ஸ் எண்ணைத் திரையில்தான் தொடவேண்டும், மோடு (குரல், மோர்ஸ் போன்ற அனுப்பும் முறை) மாற்றவும் அப்படித்தான். தொடுகை போனால் பெரிய குமிழும் சத்தக் குமிழும் வேலை செய்யும், ஆனால் கை பாதி கட்டிய மாதிரி. அந்த நேரம் பின்னால் உள்ள யுஎஸ்பியால் கணினியை இணைத்து எல்லாவற்றையும் அங்கிருந்தே மாற்றலாம். எனக்கு இதுவரை அப்படி ஆகவில்லை. வேர்வை விரலோடு தொட்டால் சில நேரம் பக்கத்து இடத்தில் போய் விழும், ஒரு பருத்தித் துணியைச் செற்றின் மேலேயே வைத்திருக்கிறேன்.

அன்று நடந்த இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். திரையில் சம இடைவெளியில் மங்கலான கோடுகள் நிமிர்ந்து நின்றன, ஞாபகம் இருக்கிறதா? மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டும் போயின. நான் ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றினேன், நீங்கள் திரையைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னீர்கள். கடைசியில் சமையலறையில் இருந்த தொலைபேசிச் சார்ஜர். அதைக் கழற்றியதும் கோடு எல்லாம் ஒரேயடியாக மறைந்தது. இரண்டு வருடமாக வானத்துச் சத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் வீட்டுச் சத்தம். கண்ணால் பார்க்க முடிந்ததால்தான் பிடித்தோம். என்னைக் கேட்டால் தொடுதிரைக்குக் கொடுக்கும் காசு இதற்காகவே தகும்.

—

கிண்ணியா_நானா:

தம்பி, செற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் வயரைப் பற்றிச் சொல்கிறேன்.

போன வருடம் என் டைபோலில் எஸ்டபிள்யூஆர் (அன்ரெனா செற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், ஒன்றுக்குக் கிட்ட இருந்தால் நல்லது) கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தது. இரண்டரை, பிறகு மூன்று. செற் பழுது என்று நினைத்தேன். கயிற்றை இறக்கிப் பார்த்தால், நடுவில் கோக்ஸ் (செற்றிலிருந்து அன்ரெனாவுக்குப் போகும் கேபிள்) சேரும் இடத்தில் சுற்றிய டேப் வெயிலில் வெடித்திருக்கிறது. கோக்ஸை ஓர் அங்குலம் வெட்டினேன், உள்ளே பின்னல் கரி மாதிரிக் கறுப்பு. இன்னும் ஓர் அங்குலம், அதே கறுப்பு. ஒரு முழம் வெட்டிய பிறகுதான் செம்பு நிறம் தெரிந்தது. உப்புத் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல உள்ளே ஏறியிருக்கிறது. ஆயிரம் டொலர் செற்றை இதில் மாட்டினாலும் அது கேட்பது பாதிதான்.

இன்னொன்று, 7300க்கு உள்ளே இருக்கும் ட்யூனர் (அன்ரெனாவைச் செற்றோடு பொருத்தும் பகுதி) எஸ்டபிள்யூஆர் 3க்கு 1 வரைதான் சமாளிக்கும். உங்கள் 40 மீற்றர் வயரை 15 மீற்றரில் பாவிக்கலாம், அலைவரிசை மூன்று மடங்கு என்பதால் ஓரளவு பொருந்தும். 20 மீற்றருக்கு அது சரிவராது. ஆகவே திரைக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை எடுத்துவைத்து, அதே பனையிலிருந்து 20 மீற்றருக்கு இன்னொரு சோடி வயர் இறக்குங்கள், ஒவ்வொரு பக்கமும் ஐந்து மீற்றர் போதும். நல்ல கோக்ஸ் வாங்குங்கள். இணைப்புகளை ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஐப்பசி இடி தொடங்கினால் கோக்ஸைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், மறக்கவேண்டாம்.

மின்சாரத்தையும் யோசியுங்கள். 7300 கேட்கும்போது ஓர் அம்பியர் அளவில் எடுக்கும், முழு வலுவில் அனுப்பும்போது 21 அம்பியர் வரை போகும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது வீட்டில் ஒரு பற்றரி இருந்தவன்தான் காற்றில் இருந்தான். நான் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 எங்கள் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், அப்போது நீங்கள் சின்னப் பிள்ளை. தொலைபேசி எல்லாம் செத்துக்கிடந்தபோது அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் இணைத்தது ஹாம்காரரின் சிற்றலைதான், கார் பற்றரியும் ஒரு துண்டு வயரும். நம் பக்கத்தில் யுத்தம் முடியாத காலம், ஒரு வோக்கி டோக்கி வைத்திருப்பதே உயிருக்கு வினை, ஆகவே இங்கே அப்படி நான்கு பேர் ஆயத்தமாக இருக்க வழியிருக்கவில்லை. இப்போது வழி இருக்கிறது. அதனால்தான் உங்களைப் போன்ற பிள்ளைகள் செற் வாங்கும்போது பற்றரியையும் சேர்த்து வாங்கவேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

செற்? எது வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம்.

—

சென்னை_மாடிவீடு:

தம்பி, நான் சென்னையிலிருந்து எழுதுறேன். உங்க ஊர் இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், பகல்ல 40 மீட்டருக்கு அது அளவெடுத்த தூரம். காலை எட்டு மணிக்கு மேல திருகோணமலையிலிருந்து யாராவது கூப்பிட்டா எனக்குப் பக்கத்துத் தெரு மாதிரி கேட்கும்.

நான் 7300, எஃப்டி-710 இரண்டையும் நண்பர்கள் வீட்டில் மணிக்கணக்கா பயன்படுத்தியிருக்கேன். இரண்டுமே நேரடியா எண்ணாக மாற்றும் வகைதான். திரை, காதுக்கு வரும் ஒலி, மெனு எல்லாம் பழக்கத்தைப் பொறுத்தது. எனக்கு 7300இன் மெனு மனசுக்குள்ள சீக்கிரம் உட்கார்ந்துச்சு, கையேட்டைத் திறக்காமலே பாதி வேலை நடந்தது. எஃப்டி-710இல் இரைச்சலை அடக்கும் வசதி காதுக்கு இதமா இருந்தது, என் மாடியைச் சுற்றி எல்இடி விளக்கும் சோலார் இன்வெர்ட்டரும்தான், அதனால அதை ரொம்பவே கவனிச்சேன். உங்களுக்கு வளவும் பனைமரமும் இருக்கு, அந்தக் கவலை குறைவு.

எஃப்டி8 (கணினி வழியா சின்னச் சின்னச் செய்தி அனுப்பும் முறை) செய்யும் எண்ணம் இருக்கா? 2017இல் அது வந்த பிறகு ஹாம்காரங்க பழக்கமே மாறிப்போச்சு. 718இல் அதுக்குத் தனி இடைப்பெட்டி வேணும், 7300இல் ஒரே யுஎஸ்பி வயர், ஒலியும் கட்டுப்பாடும் அதிலேயே போகும். ஒன்று மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட கால் நிமிஷம் இடைவிடாத சைகை போகும், அதனால 100 வாட்டில் ஓட்டாதீங்க, முப்பது நாற்பது போதும். உங்க ஊர் வெயிலில் செற் நன்றி சொல்லும்.

காசு இறுக்கமா இருந்தா சீக்கு (Xiegu) ஜி90 செற்றையும் பாருங்க. 20 வாட்தான், திரை சின்னது, தொடுதிரை கிடையாது, ஆனா அதிலும் நீர்வீழ்ச்சி தெரியும், உள் ட்யூனர் கண்ட வயரையும் பொருத்திவிடும். விலை பாதிகூட வராது. மிச்சக் காசில் நானா சொன்ன பற்றரி, கோக்ஸ் எல்லாம் வந்துவிடும்.

—

உப்புவெளி_தம்பி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நானா எழுதியதை வாசித்துவிட்டு நேற்றுப் பின்னேரம் பனையில் ஏற ஆள் பிடித்து வயரை இறக்கினேன். நடு இணைப்பில் டேப்பைப் பிரித்தால் பச்சைக் களிம்பு. ஒரு சாண் வெட்டவேண்டி வந்தது. திரும்ப ஏற்றியபோது 718இலேயே வித்தியாசம் காதுக்குத் தெரிந்தது, இவ்வளவு நாளும் இதைத்தான் செற்றின் குறை என்று நினைத்திருக்கிறேன்.

ஜி90 யோசனை மனதை இழுத்தது உண்மை. ஆனால் மூதூர், கிண்ணியா, வாகரை என்று அவசரத்துக்குக் குரலில் கதைக்கவேண்டி வந்தால் 20 வாட் போதுமா என்ற கேள்வி இருக்கிறது. கிட்டத்துக்கு 40 மீற்றரில், அதுவும் இரவில், கஷ்டம்தானே?

—

கிண்ணியா_நானா:

கிட்டத்துக்கு இரவில் 40 மீற்றர் தாண்டிப் போய்விடும் தம்பி, அதற்கு 80 மீற்றர் வேண்டும், வயரும் இரண்டு மடங்கு நீளம். வளவில் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 80 மீற்றரின் இரைச்சலுக்குள் 100 வாட் இருந்தால் நல்லது. 7300ஐயே வாங்குங்கள், ஆனால் புதிதா பாவித்ததா என்று அவசரப்படாதீர்கள். 2025இல் அதன் இரண்டாம் பதிப்பை அறிவித்த பிறகு பழையதை விற்பவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் எடுங்கள், பெட்டி துறைமுகத்துக்கு வந்த பிறகு ஓடித்திரியக்கூடாது.

—

நிலாவெளி_அலை:

நானா சொன்னது சரி. தம்பி, வருகிற போயா (பௌர்ணமி) தினத்தன்று என் செற்றையும் மின்வழங்கியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சூரியன் விழ ஒரு மணித்தியாலத்துக்கு முன் தொடங்கி இரவு ஒன்பது மணி வரை உங்கள் வயரிலேயே மாட்டி வைப்போம். ஓவிஎஃப் எரிகிறதா, எத்தனை மணிக்கு எரிகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முன்பெருக்கியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. பக்கத்திலேயே உங்கள் 718ஐயும் வையுங்கள், ஒரே நிலையத்தை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டால் காது முடிவு சொல்லும்.

வீட்டில் எல்லாச் சார்ஜரும் எங்கெங்கே குத்தியிருக்கின்றன என்று அம்மாவிடம் முதலே கேட்டு வையுங்கள். கோக்ஸின் முனையில் பிஎல்-259 செருகி இருக்கிறதுதானே? இல்லையென்றால் சொல்லுங்கள், இங்கிருந்து ஒன்று கொண்டுவருகிறேன்.