மறு: ‘ஜாகீர்’ – மானியம் என்று எழுதலாமா?

> முகலாயர் கட்டுரையில் ஜாகீரை ‘மானியம்’ என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

வணக்கம். புரியும், ஆனால் தவறாகப் புரியும். மானியம் வரி நீங்கிய கொடை. முகலாயரிடம் அதற்கு ‘மதத்-இ-மாஷ்’ தனியே இருந்தது. ஜாகீர் சம்பளம். மன்சப் என்னும் பதவித்தரம் பெற்ற அதிகாரியான மன்சப்தாருக்குப் பணமாகத் தராமல், இன்ன பர்கானாவின் (ஊர்த்தொகுதியின்) வரியைத் தண்டிக்கொள் என்று எழுதிக் கொடுப்பது. நிலம் அவருடையதன்று, மூன்று நான்கு ஆண்டில் வேறிடம் மாற்றிவிடுவார்கள்.

‘ஊதியப்பற்று’ எனலாம். பிழைப்புக்கு விட்ட சீவிதப்பற்று, படைவீரருக்கு விட்ட படைப்பற்று கல்வெட்டிலேயே உண்டு. ராஜபுத்திரர் தம் மண்ணில் வைத்திருந்த, மாற்றப்படாத வதன் ஜாகீர் ‘தாயப்பற்று’. காலிசாவுக்கு, அதாவது அரசுக்கே வரி செல்லும் ஊர்களுக்கு, விஜயநகர காலத்துப் ‘பண்டாரவாடை’ அப்படியே பொருந்தும். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது.

——

> ஊதியப்பற்று

விஜயநகரச் சொல் ஆகுமென்றால் ‘அமரம்’ ஏன் ஆகாது? அதுவும் படை வைத்திருக்க நாயக்கர்களுக்குக் கொடுத்த நிலம்தானே. ‘பற்று’ என்றாலே பேரேட்டுப் பற்று-வரவு குறுக்கே வரும்.

——

அமரம் பெற்ற நாயக்கர்கள் வேரூன்றினார்கள். மதுரையிலும் தஞ்சையிலும் செஞ்சியிலும் அரசர்களாகவே ஆனார்கள். ஜாகீர்தாரை இடம் மாற்றியதே அப்படி ஆகக் கூடாதென்றுதான். பேரேட்டுக் குழப்பமும் வராது, ‘ஊதிய’ ஒட்டி நிற்கிறதே.

எனக்குப் பெரிய கவலை ஜமா, ஹாசில் இரண்டும்தான். கட்டுரையில் இரண்டுமே ‘வருவாய்’ என்று வந்திருக்கிறது. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி தெரியாவிட்டால் முகலாயர் சரிவே விளங்காது. ஜமா ஏட்டில் மதிப்பிட்டது, ‘தாம்’ என்னும் செப்புக்காசுக் கணக்கில். 40 தாம் ஒரு ரூபாய். ஹாசில் கைக்கு வந்தது. ஜமா 40 லட்சம் தாம் என்றால் ஏட்டில் 1 லட்சம் ரூபாய். வந்தது 50,000 என்றால், ஆண்டு வரவில் பாதி, அது ‘ஆறு மாத’ ஜாகீர். ஷாஜகான் காலத்திலேயே படைக்கடமையைக் குறைக்க வேண்டியதாயிற்று: ஜாகீர் உள்ள சூபாவிலேயே (மாகாணத்திலேயே) பணி என்றால் சவார் எண்ணில், அதாவது பதவிக்குரிய குதிரைவீரர் எண்ணில், மூன்றில் ஒரு பங்கு, வெளியே என்றால் நான்கில் ஒரு பங்கு. 3000 சவாருக்கு 1000 அல்லது 750 பேர்.

பிறகு ஔரங்கசீப் பீஜாப்பூரையும் (1686) கோல்கொண்டாவையும் (1687) பிடித்தார். தக்காணத் தலைவர்களுக்கும் மராட்டியருக்கும் மன்சப் கொடுத்துக்கொண்டே போனார்கள். பங்கிட ஜாகீர் போதவில்லை. மன்சப் கிடைத்தும் ஜாகீர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் நிலைதான் ‘பே-ஜாகீரி’.

ஆகவே ஜமா ‘ஏட்டுவரி’, ஹாசில் ‘தண்டல்’. பே-ஜாகீரியைப் ‘பற்றின்மை’ என்று ஆக்கிவிட வேண்டாம், அது துறவியின் குணம். ‘பற்றுத் தட்டுப்பாடு’ என்றால் பொருள் நேராக நிற்கும்.