ஃபெரெட்டின் குளிர்காலப் படுக்கை: வைக்கோலா, ஃபிளீஸா?

தோட்டக் கூண்டு, வட இங்கிலாந்து

ஃபெரெட் என்பது கீரி போல நீண்ட உடம்புள்ள, வீட்டில் வளர்க்கும் சிறு ஊனுண்ணி. அதற்கு வெயில்தான் ஆகாது. 30 டிகிரியில் உயிருக்கே ஆபத்து. குளிரில், கூடு உலர்ந்திருந்தால் போதும், வெளியே தண்ணீர் உறையும் இரவிலும் சுருண்டு படுத்துத் தூங்கும். நனைந்த படுக்கையும் உள்ளே புகும் காற்றும் சேர்ந்தால்தான் இங்கே குளிர்காலத்தில் ஃபெரெட் நோயில் விழுகிறது.

வெளிக்கூண்டுக்குப் பார்லி வைக்கோலை மிஞ்ச ஒன்றுமில்லை. தண்டுக்குள் காற்று நிற்கிறது, அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. கோதுமை வைக்கோல் விறைப்பானது, கூடுபோல் வளையாது. புல்லை உலர்த்தி விற்கும் ஹே வேண்டவே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சில நாளில் உள்ளுக்குள் பூசணம் பிடிக்கும், அந்தத் தூள் நேராக மூக்குக்குப் போகும்.

தூங்கும் பெட்டி பெரிதாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று ஃபெரெட்டுக்கு 45 × 30 × 30 செ.மீ. தாராளம். பெரிய பெட்டியைச் சூடாக்க அவற்றின் உடம்புச் சூடு பற்றாது. வாசல் 10 செ.மீ. அகலத்தில், நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருந்தால் காற்று படுக்கைமேல் நேராக அடிக்காது. அடியில் செய்தித்தாள் ஐந்தாறு மடிப்பு, அதன்மேல் முக்கால் பெட்டிக்கு வைக்கோல். அழுத்தி அடைக்காதீர்கள், உதறிப் போடுங்கள். குடைந்து வழி செய்வதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கூண்டு தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்திருக்க வேண்டும். இங்கே மழைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும், உறைய வைக்கும் காற்று கிழக்கிலிருந்தும் வரும். இரண்டுக்கும் முகம் காட்டாத சுவரோரம் பாருங்கள்.

அடுத்தது, நிறையப் பேர் செய்யும் தவறு: குளிருக்குப் பயந்து பெட்டியை இண்டு இடுக்கில்லாமல் அடைப்பது. மூச்சுக்காற்றின் ஈரம் மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, இரவெல்லாம் வைக்கோல்மேல் சொட்டும். சிறுநீரின் அமோனியா வேறு நெஞ்சை அரிக்கும். காற்றடிக்காத பக்கம், மேல்விளிம்பை ஒட்டி விரல் நுழையும் அளவில் மூன்று துளை போடுங்கள். காலையில் கையைக் கூட்டுக்குள் விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகவும் உலர்வாகவும் இருந்தால் சரி. வெதுவெதுப்பு இருந்தும் கை பிசுபிசுத்தால் காற்றோட்டம் பற்றவில்லை.

மேலே சொன்ன வைக்கோல் பற்றி ஒரு குறிப்பு

பார்லிக் கதிரின் கூர்முள் கண்ணிலும் ஈறிலும் குத்தும். தூசி நீக்கி நறுக்கிய வைக்கோல் பொதியாகக் கிடைக்கிறது, அதை வாங்குவது நல்லது. ஒரு கண் மட்டும் சுருங்கி நீர் வடிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த முள்ளைத்தான்.

இறைச்சித் துண்டையும் மறக்க வேண்டாம். கிடைத்ததையெல்லாம் ஃபெரெட் படுக்கைக்குள் இழுத்துப் போய்ப் பதுக்கும். குளிரில் நாற்றம் சீக்கிரம் வராததால் கண்ணில் படாமலே கிடந்து அழுகும். தினமும் கிளறி எடுங்கள். நனைந்த பகுதியை அன்றன்றே மாற்றுங்கள், முழு வைக்கோலையும் வாரம் ஒருமுறை.

வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு

வீட்டுக்குள் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைத் துணிதான். வெட்டினாலும் ஓரம் நூல் பிரியாது, நகம் மாட்டாது, துவைத்தால் சீக்கிரம் காயும். குளியல் துண்டின் சுருள்நூலில் நகம் சிக்கிப் பிய்ந்துபோகும். பின்னல் கம்பளியில் கால்விரலே மாட்டிக்கொள்ளும். இதே ஃபிளீஸை வெளிக்கூண்டில் போட்டால் ஈரம் ஏறி, பனியில் விறைத்துப் பலகையாகிவிடும். அங்கே வைக்கோல், இங்கே ஃபிளீஸ். மாற்றிப் போடாதீர்கள்.

தூளி கோடையில் சுகம். குளிர்காலத்தில் அடிப்பக்கத்திலிருந்து சூடு இறங்கிவிடும். இரண்டடுக்கு ஃபிளீஸில், ஒரு பக்கம் மட்டும் திறந்த பை தைத்துத் தரையிலோ தாழ்வாகவோ வையுங்கள். தையல் நெருக்கமாக இருக்கட்டும், நூல் முனைகளை ஒட்ட வெட்டிவிடுங்கள். நடுவே பஞ்சு வைத்துத் தைக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை 60 டிகிரியில், வாசனையில்லாத சோப்பில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஃபிளீஸ்மேல் படலமாகப் படிந்து ஈரத்தை இழுக்கவிடாது, அதன் வாசனையும் மூச்சுக்கு ஆகாது. ஃபெரெட்டின் உடம்பிலிருந்து வரும் கஸ்தூரி வாடை படுக்கையில்தான் ஊறியிருக்கிறது. ஃபெரெட்டை அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும், ஆகவே துணியைத் துவைப்பதே வழி.

ஹீட்டர் ஓடும் அறையில் கனத்த படுக்கை தேவையே இல்லை. பையை விட்டு வெளியே வந்து தட்டையாகப் படுத்தால் அதற்குப் புழுங்குகிறது என்று பொருள். இப்படி அறைச் சூட்டில் வளர்ந்ததை டிசம்பரில் திடீரென வெளிக்கூண்டுக்கு மாற்றக் கூடாது. பகல் குறையக் குறையத்தான் குளிர்கால மயிர் அடர்த்தியாக வளரும், உடம்பில் கொழுப்பும் ஏறும். வெளியே போக வேண்டியது கோடை முடிவதற்குள் போயிருக்க வேண்டும்.

கால்நடை மருத்துவமனைப் பணியிலிருந்து

குடல் அடைப்புக்குக் காரணமாக வெளியே எடுப்பவற்றில் ரப்பரும் ஃபோமும் முன்னால் நிற்கும். மென்மையாக நெகிழும் எதையும் ஃபெரெட் கடித்து விழுங்கும். ஆகவே ஃபோம் மெத்தை, பஞ்சு அடைத்த நாய்ப் படுக்கை, ரப்பர் சுடுநீர்ப் பை மூன்றும் விலக்கு. மின்சாரச் சூட்டு மெத்தையின் வயரைக் கடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும் குடல் அது. சாப்பாட்டை விட்டு விலகுவது, பல்லை நெறிப்பது, வாயைக் காலால் பிராண்டுவது, வாந்தி, மலம் மெலிந்து நூலாவது, சோர்வு, இவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். படுக்கையின் மிச்சத் துண்டையும் கொண்டுபோங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே பாதி விடை.

தேவதாரு, பைன் மரச்சீவல்களின் வாசனை எண்ணெய் மூச்சுக்குழாயை எரிக்கும். மூக்கு தரையை ஒட்டியே திரியும் பிராணிக்கு மரத்தூளும் அப்படித்தான்.

வயதான ஃபெரெட்

சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பியில் வரும் நோயில் வாலிலிருந்து மயிர் கொட்டத் தொடங்கும். மயிரில்லாத உடம்புக்குக் கூடுதல் சூடு வேண்டும். மைக்ரோவேவில் சூடேற்றும் கெட்டி பிளாஸ்டிக் வட்டு பரவாயில்லை. இரண்டு சுற்று ஃபிளீஸில் பொதிந்து, படுக்கையின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அடுத்த பாதிக்கு நகர இடம் இருக்க வேண்டும். பொட்டலத்தில் உள்ள நேரத்துக்கு மேல் சூடேற்றாதீர்கள். படுக்கையின் விளிம்பு தாழ்வாக இருந்தால் பின்னங்கால் தளர்ந்ததும் ஏறி இறங்கும்.

படுக்கையில் துவண்டு கிடந்தால் உடனே குளிர் என்று முடிவு செய்ய வேண்டாம். ஆரோக்கியமான ஃபெரெட்கூட எழுப்பினாலும் எழாத அளவு அசந்து தூங்கும். அப்போது உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும், மூச்சு சீராக வரும், ஓரிரு நிமிடத்தில் கொட்டாவி விட்டு எழுந்துவிடும். எழுந்தும் கண் வெறித்து, எச்சில் வடிந்து, பின்னங்கால் இழுத்தால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நடுவயது தாண்டியவற்றுக்கு இன்சுலினோமா, அதாவது சர்க்கரையை இறக்கிவிடும் கணையக் கட்டி, சகஜம். விரலைக் கடிபடாமல் காத்துக்கொண்டு, ஈறில் சிறிது தேன் தடவுங்கள். தெளிந்து விழுங்க முடிந்ததும் கொஞ்சம் இறைச்சி கொடுத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.