பகை நாட்டோடு அணு ஆயுத ஒப்பந்தம்: எங்கே ஆபத்து?

தண்டையார்பேட்டை மாணவி:
கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘பகை நாட்டு அரசோடு அணு ஆயுத ஒப்பந்தம் போடுவது ஆபத்து’ என்ற அணி எனக்கு. வட கொரியா ஏமாற்றியது என்பதற்கு மேல் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையில் ஆபத்து எங்கே இருக்கிறது?

மணலி யார்டுக்காரர்:
வட கொரியாவையே இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாரும்மா. நான் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். பெட்டி வந்ததும் சீல் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சில பெட்டியில் சீல் கீறல்கூட இல்லாமல் இருக்கும். கதவுப் பிடியின் ரிவிட்டைக் கழற்றிச் சரக்கை எடுத்துவிட்டு, திரும்ப மாட்டிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதனால் ரிவிட்டையும் விரலால் தடவிப் பார்ப்பேன்.

1994-ல் ஜெனீவாவில் வட கொரியா அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டதும் தன் யோங்பியோன் அணு உலையை நிறுத்தியது. சர்வதேச அணுசக்தி முகமை சீல் வைத்தது, கேமராவும் மாட்டியது. பதிலுக்கு வருஷம் 5 லட்சம் டன் எரிஎண்ணெய், இரண்டு மின் உலைகள் என்று வாக்கு. யோங்பியோனில் குண்டுக்கான புளூட்டோனியம் எடுப்பது நின்றது. ஆனால் குண்டுக்கு இன்னொரு வழியான யுரேனியத்தைச் செறிவூட்டும் வேலையை வேறு பக்கம் மறைவாகத் தொடங்கிவிட்டார்கள். 2002-ல் அமெரிக்கா அதைச் சொல்லிக் கேட்டது, எண்ணெய் நின்றது, டிசம்பரில் சீல்களையே எடுத்துவிட்டு ஆய்வாளர்களையும் வெளியேற்றினார்கள். 2006 அக்டோபரில் முதல் குண்டுச் சோதனை. காட்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்ததைத்தான் நான் ஆபத்து என்பேன்.

ராயபுரம் வாத்தியார்:
எதிரணி விடாதும்மா. வாக்கை முறிப்பது எப்போதும் பகை நாடுதானா என்று கேட்பார்கள். 2015 ஈரான் ஒப்பந்தத்தில் யுரேனியச் செறிவூட்டலுக்கு வரம்பு 3.67 சதவீதம்தான். ஈரான் அதை மீறவில்லை என்று முகமை சொல்லிக்கொண்டிருந்தபோதே, 2018 மே மாதம் டிரம்ப் விலகினார். 2021-ல் ஈரான் 60 சதவீதத்துக்குப் போய்விட்டது.

தண்டையார்பேட்டை மாணவி:
அப்போ பேசவே கூடாது என்று வாதாடட்டுமா அண்ணா?

மணலி யார்டுக்காரர்:
வேண்டாம்மா, அது நிற்காது. அந்த எட்டு வருஷம் யோங்பியோன் உலை ஓடவில்லையே, அது பெரிய விஷயம். சொல்லாத இடத்துக்கும் போய்ப் பார்க்க வழிவிடாத ஒப்பந்தம் ஆபத்து என்று பிடித்துக்கொள். அதற்காகவே 1997-ல் முகமை ‘கூடுதல் நெறிமுறை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஈரான் 2021 பிப்ரவரியில் நிறுத்தியவற்றில் அதுவும் ஒன்று. அதைப் படித்துவிட்டு மேடை ஏறு.