வளவு வீடு குழு: ஜிபிஎஸ்ஸை அணைச்சா விமானம் விழுமா?

பெரியப்பச்சி, காலை 5.48
(பலமுறை பகிரப்பட்டது)
⚠️ அவசரம்! அமெரிக்க ஜனாதிபதி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் உலகம் முழுவதும் ஜிபிஎஸ் நின்றுவிடும். வானத்தில் பறக்கும் எல்லா விமானங்களும் வழி தெரியாமல் விழும். பயணம் செய்வோர் கவனம். 10 பேருக்கு அனுப்பவும்.

பெரியப்பச்சி, 5.49
மச்சான், படைப்புக்கு வியாழக்கிழமை ஏறுறேன்னியே. இதைப் படிச்சுக்க.

சிங்கப்பூர் அம்மான், 5.55
நல்ல சகுனம் அத்தான் 😂 டிக்கெட் போட்டாச்சு. காசு திரும்ப வராது. வர்றது வரட்டும்.

அயித்தை, 5.57
அவுகளுக்கு எல்லாம் சிரிப்புத்தான். எனக்கு வயித்தைக் கலக்குது. நாலு மணி நேரம் கடல் மேல வரணும். பைலட் தம்பி இந்தக் குழுவுலதானே இருக்கு, பதில் சொல்லச் சொல்லுங்க.

நான், 6.02
அண்ணன் ராத்திரி டியூட்டி. இறங்கினதும் பாக்கும் அயித்தை.

தேவகோட்டை அத்தான், 6.20
இதுல பொய் ஒண்ணும் இல்லையே. கார்கில் சண்டையில நமக்கு ஜிபிஎஸ் தர மாட்டேன்னு அமெரிக்கா சொல்லலையா? அதனாலதானே நாம சொந்தமா நாவிக் செயற்கைக்கோள் விட்டோம். ஊரான் வீட்டு விளக்குல எத்தனை நாள் படிக்கிறது?

ஆயா (குரல் பதிவு, கேட்டு எழுதினது நான்), 6.31
"எங்க ஐயா கப்பல்ல ரங்கோன் போய்ட்டு வந்தாக. என்ன சிக்னலு இருந்துச்சு அப்ப? மருமகளைப் பயப்படாம வரச் சொல்லு. வரும்போது அந்த முட்டிவலித் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கியாரச் சொல்லு."

பைலட் அண்ணன், 7.14
இப்பதான் ரூமுக்கு வந்தேன். எல்லாத்தையும் படிச்சேன். அப்பச்சி, அந்தச் செய்தியில முதல் வரி ஓரளவு உண்மை. மத்தது கட்டுக்கதை.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தோட சொத்து. இன்னைக்கும் அவங்க விண்வெளிப் படைதான் நடத்துது. 2004 டிசம்பர்ல புஷ் ஒரு கொள்கை போட்டாரு. எதிரி ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்தாம, தேவைப்படுற இடத்துல தடுக்கிற திறன் ராணுவத்துக்கு வேணும், ஆனா சண்டை நடக்கிற இடத்துக்கு வெளியில சிவில் பயனாளிக்கு அனாவசியமா பாதிப்பு வரக்கூடாதுன்னு. அதாவது, ஒரு வட்டாரத்துல மட்டும் தரையிலேருந்து இடைஞ்சல் குடுக்கிறது. உலகம் முழுக்க அணைச்சா அவங்க வங்கி, செல்போன் கோபுரம், மின்சாரக் கட்டமைப்பு எல்லாம் தடுமாறும். எல்லாமே நேரத்தை ஜிபிஎஸ்லேருந்துதான் எடுத்துக்குது.

பைலட் அண்ணன், 7.19
அத்தான், கார்கில் நடந்த 1999-ல சிவில் சிக்னல் நம்ம ஊர்லயும் கிடைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா வேணும்னே பிசகு கலந்து விட்டிருந்தாங்க. நம்மளுக்குன்னு இல்ல, உலகத்துக்கே. 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். அதை 2000 மே 1 நள்ளிரவுல கிளின்டன் நிறுத்தினாரு. 2007-ல, இனிமே செய்யுற புதுத் தலைமுறைச் செயற்கைக்கோள்ல அந்த வசதியே வைக்கப்போறதில்லைன்னும் அறிவிச்சாங்க.

தேவகோட்டை அத்தான், 7.22
பிசகு கலக்குற அதிகாரம் இருந்துச்சுல்ல. அதைத்தானே நானும் சொல்றேன்.

பைலட் அண்ணன், 7.24
இருந்துச்சு. அதை நான் மறுக்கலை. ஆனா அந்த ராணுவச் சமாச்சாரம் பொதுஜனத்துக்கு வந்ததே ஒரு விமானம் வழி தவறினதாலதான். 1983 செப்டம்பர் 1, கொரியன் ஏர்லைன்ஸ் 007. தானியங்கிக் கருவி சரியான முறையில சேராம, பாதை விலகி சோவியத் எல்லைக்குள்ள போயிருச்சு. சுட்டுட்டாங்க. 269 பேர். அதுக்கப்புறம்தான் ஜிபிஎஸ் தயாரானதும் சிவிலுக்கும் இலவசமாத் தர்றோம்னு ரீகன் அறிவிச்சாரு.

அயித்தை, 7.26
தம்பி, சுட்ட கதையெல்லாம் இப்ப வேணாம். நடுக்கடல்ல சிக்னல் போனா என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லுங்க.

பைலட் அண்ணன், 7.33
சொல்றேன் அயித்தை. திரையில "ஜிபிஎஸ் ப்ரைமரி லாஸ்ட்"னு ஒரு வரி வரும். அவ்வளவுதான். விமானம் ஆடாது, அசையாது, உங்க காபி கூடச் சிந்தாது.

நான் ஓட்டுறது ஏ320. அதுக்குள்ள ஐஆர்எஸ்னு மூணு பெட்டி இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி இருக்கிற இடத்தைச் சொல்லிட்டா, அப்புறம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம்னு அதுவே லேசர் ஜைரோ வெச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டே வரும். வெளியிலேருந்து எந்தச் சிக்னலும் வேண்டாம். மணிக்கு ரெண்டு கடல் மைல் வரைக்கும் பிசகலாம்னு வரம்பு. பெரும்பாலும் அவ்வளவு கூடப் போகாது. கரை நெருங்கினா தரையில இருக்கிற டிஎம்இ நிலையங்களோட தூரத்தை அளந்து தானே திருத்திக்கும். ரேடார்லயும் நம்மளப் பாத்துக்கிட்டிருப்பாங்க. திருச்சியில, ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்குற ஐஎல்எஸ் இருக்கு. அதுவும் தரைச் சிக்னல்தான், மேல இருக்கிறவன் அணைக்க முடியாது.

சிங்கப்பூர் அம்மான், 7.36
தரையில இருக்கிறதை நம்ம அரசாங்கமே அணைச்சா? 😀

பைலட் அண்ணன், 7.41
நல்ல கேள்வி அம்மான். பனிப்போர் காலத்துல அமெரிக்காவுல அப்படி ஒரு திட்டமே இருந்துச்சு. ஸ்கட்டானான்னு பேரு. எதிரி குண்டுவீச்சு விமானம் வந்தா, அது அங்க தரையில திசை காட்டுற விஓஆர் நிலையத்தையே பிடிச்சுக்கிட்டு வழி கண்டுபிடிச்சிரக் கூடாது. அதனால வானத்துல இருக்கிற எல்லாரையும் இறக்கிட்டு நிலையங்களையும் அணைக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்னைக்கு அந்தத் திட்டத்தைக் கையில எடுத்தாங்க. ஆனா விமானங்களை மட்டும் இறக்கினாங்க, நிலையங்கள் எதையும் அணைக்கலை. அணைச்சிருந்தா சுமார் 4,500 விமானம் எதைப் பிடிச்சு இறங்கியிருக்கும்?

பெரியப்பச்சி, 7.44
அப்ப நான் அனுப்பினது முழுப் பொய்யில்ல.

பைலட் அண்ணன், 7.45
முழுப் பொய்யில்ல அப்பச்சி. ஆனா 10 பேருக்கு அனுப்பாதீங்க 🙏

பைலட் அண்ணன், 7.58
இதையும் சொல்லிர்றேன். அணைச்சிருவாங்கங்கிறதுக்கு எங்க ஆளுக யாரும் பயப்படுறதில்ல. சொல்லிட்டு அணைச்சா "நோட்டம்"னு விமானிகளுக்கு முன்னறிவிப்பு வரும், வேற வழி வெச்சுக்கிட்டுக் கிளம்புவோம். அமெரிக்காவுலயே ராணுவம் சோதனைக்காக ஜிபிஎஸ்ஸைக் குழப்புறப்ப, இந்த நேரம் இந்த வட்டாரத்துல வராதுன்னு முன்கூட்டி அறிவிப்பாங்க.

பயப்படுறது ஸ்பூஃபிங்குக்கு. சிக்னல் நிக்காது. நல்லா, பலமா வரும். ஆனா பொய். 20,200 கிலோமீட்டர் உயரத்துலேருந்து வர்ற உண்மையான சிக்னல் ரொம்ப மெலிசு, அதை அமுக்கிட்டு தரையிலேருந்து ஒருத்தன் போலியா ஒண்ணை விட்டா நம்ம கருவி அதை நம்பிரும். 2023 செப்டம்பர்லேருந்து ஈராக், ஈரான் பக்கம் பறக்கிறவங்களுக்கு இது வந்துச்சு. மோசமான விஷயம் என்னன்னா, பொய் இடம் ஐஆர்எஸ் கணக்குக்குள்ளயும் கலந்துரும். காக்பிட் கடிகாரம் மாறும். 35,000 அடியில பறந்துக்கிட்டிருப்போம், மலை வருது, மேல ஏத்து, "புல் அப்"னு கத்தும். பொய்னு தெரிஞ்சாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கிறது லேசு இல்ல. என் பயமெல்லாம், பொய்க்குப் பழகிட்ட பைலட் என்னைக்காவது நிஜமா கத்துறப்பவும் சும்மா இருந்துட்டா?

ஆயா (குரல் பதிவு), 8.06
"வழி தெரியாதுங்கிறவன்கிட்ட கேட்டா வேற ஆளைப் பாத்துப் போயிரலாம். தப்பா கைகாட்டுறவன்தான் கண்மாய்க்குள்ள இறக்கி விட்ருவான். அதானே அப்பு?"

பைலட் அண்ணன், 8.07
அதேதான் ஆயா. நான் அரை மணி நேரமா எழுதினது 😄

தேவகோட்டை அத்தான், 8.10
நம்ம நாட்டுல?

பைலட் அண்ணன், 8.16
இருக்கு. அமிர்தசரஸ், ஜம்மு பக்கம் 2023 நவம்பர்லேருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் 465 சம்பவம்னு மக்களவையில அரசாங்கமே சொல்லுச்சு. நானும் அமிர்தசரஸ் இறங்குறப்ப பாத்திருக்கேன். கேப்டன் ஜிபிஎஸ்ஸை டிசெலக்ட் பண்ணச் சொன்னாரு, பண்ணிட்டு ஐஎல்எஸ் பிடிச்சு இறங்கினோம். பேச்சே இல்ல.

ஆனா 2025 நவம்பர்ல டெல்லியில நடந்தது வேற மாதிரி. ஒரு ஓடுபாதையில ஐஎல்எஸ் மேம்பாட்டு வேலை நடந்துக்கிட்டிருந்த நேரம். அங்க ஜிபிஎஸ் வெச்சு இறங்க வேண்டியிருந்துச்சு. அப்பப் பாத்து ஸ்பூஃபிங். சில விமானம் ஜெய்ப்பூர் போச்சு.

தேவகோட்டை அத்தான், 8.19
நாவிக் இருந்தா இதெல்லாம் வராதுல்ல?

பைலட் அண்ணன், 8.25
நாவிக்கையும் ஸ்பூஃப் பண்ணலாம் அத்தான். அடுத்தவன் அணைக்கிறதுக்குத்தான் அது மருந்து. அதுவும் இன்னும் முழுசாத் தேறலை. 2013-ல முதல் செயற்கைக்கோள் போச்சு, வெளிநாட்டுல வாங்கின அணுக்கடிகாரம் பல கெட்டுப்போச்சு. 2023 மே மாசம் நம்ம செஞ்ச கடிகாரத்தோட என்விஎஸ்-01 போச்சு, நல்ல விஷயம். 2025 ஜனவரியில போன என்விஎஸ்-02 போய்ச் சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகலை. நான் ஓட்டுற விமானத்துல நாவிக் ரிசீவரே கிடையாது.

சிங்கப்பூர் அம்மான், 8.30
இதுக்குத்தான் சொல்றேன், நம்ம செட்டிநாட்டு விமானத் தளத்தைத் திறந்துட்டா போதும். நேரா வீட்டு வாசல்ல இறங்கிரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட ஓடுதளம் சும்மாத்தானே கிடக்கு.

பைலட் அண்ணன், 8.42
சிரிக்காதீங்க அம்மான், அடி விழுறது அங்கதான். திருச்சி, சென்னை மாதிரி இடத்துல ஜிபிஎஸ் போனாலும் சமாளிச்சிருவோம். சின்ன ஊர் விமான நிலையத்துல ஐஎல்எஸ் போட்டு, வருஷா வருஷம் சோதனை விமானம் விட்டுப் பராமரிக்கிறது பெரிய செலவு. அதனால செயற்கைக்கோள் வழியா இறங்க உதவுற ககன் போதும்பாங்க. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செஞ்சது, நல்ல வேலை. 2022 ஏப்ரல் 28 அன்னைக்கு ராஜஸ்தான் கிஷன்கட்ல ஏடிஆர் விமானம் அதை வெச்சு இறங்குச்சு. அந்த விமான நிலையத்துல தரையில எந்த இறங்கு கருவியும் வேண்டாம். ஆனா ககன் தனியா நிக்காது, ஜிபிஎஸ் சிக்னலைத்தான் திருத்திக் குடுக்குது. அது போனா இதுவும் போச்சு.

எஸ்டோனியாவுல தார்த்துன்னு ஒரு ஊர். நம்ம காரைக்குடி மாதிரி சின்ன ஊர்தான். அங்க இறங்குறதுக்கு ஜிபிஎஸ் வழி மட்டும்தான் வெச்சிருந்தாங்க. 2024-ல இடைஞ்சல் அதிகமாகி, விமானம் இறங்க முடியாமத் திரும்பிப் போச்சு. ஃபின்ஏர் ஒரு மாசம் சேவையையே நிறுத்திருச்சு. யாரும் விழலை, யாருக்கும் அடிபடலை. விமானம் வரலை, அவ்வளவுதான்.

தேவகோட்டை அத்தான், 8.47
அப்ப நம்ம ஊர்ல தளம் திறந்தா ஐஎல்எஸ் வேணும்னு இப்பவே கேக்கணும்.

பைலட் அண்ணன், 8.49
கேளுங்க. தர மாட்டேன்னா ஒரு விஓஆர், டிஎம்இயாவது கேளுங்க. ஜிபிஎஸ் வந்தாச்சு, பழசு எதுக்குன்னு எல்லா நாட்டுலயும் அதைக் குறைச்சுக்கிட்டே வர்றாங்க. அமெரிக்காவுலயே விஓஆர்ல சுமார் மூணுல ஒரு பங்கைக் கழிக்கத் திட்டம் போட்டாலும் மீதியை மாத்து ஏற்பாடுன்னு பேர் போட்டு வெச்சிருக்காங்க.

தேவகோட்டை அத்தான், 8.52
மனு நான் எழுதுறேன். ஸ்பெல்லிங் மட்டும் நீ பாத்துக்குடு. படைப்பு அன்னைக்கு எல்லாரும் கூடியிருப்போம், கையெழுத்து வாங்கிரலாம்.

அயித்தை, 8.55
சரி, நான் வர்றேன். ஆயா தைலம் எந்தக் கம்பெனின்னு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

பெரியப்பச்சி, 8.58
மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. ரெண்டாவது வரியில ஓடுதளத்துல மேயுற மாட்டைப் பத்தியும் எழுதுங்கப்பா, அதுக்கு எந்தக் கருவியும் வேலை செய்யாது.