மூடிக் கிடக்கும் தியேட்டர்: இடிப்பதற்குள் படம் எடுக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

செவ்வாய்ப்பேட்டையான்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய தியேட்டர் பல வருடங்களாகப் பூட்டியே கிடக்கிறது. சேலத்துக்காரர்கள் சிலருக்கு எது என்று தெரிந்துவிடும். தயவுசெய்து பெயரை இங்கே எழுத வேண்டாம். தை பிறந்ததும் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள் என்று தெருவில் பேச்சு. அதற்குள் உள்ளே முழுவதையும் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஆசை. நான் சின்ன வயதில் தரை டிக்கெட்டில் படம் பார்த்த இடம் அது.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5300, அதோடு வந்த 18-55 லென்ஸ், சுமாரான ஒரு ட்ரைபாட். உள்ளே கரண்ட் கிடையாது, ஜன்னலும் கிடையாது. அந்த இருட்டில் எப்படி எடுப்பது?

இன்னொன்று. பின்பக்கக் காம்பவுண்ட் சரிந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உள்ளே இறங்கிவிடலாம் என்கிறார் கூட வேலை பார்க்கும் நண்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் உரிமையாளரிடம் போய் என்னவென்று கேட்பது?

கார்பன் வெளிச்சம்

தம்பி, சுவர் வழியாகப் போக வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 329ஆம் பிரிவில் அத்துமீறி நுழைவது குற்றம். கட்டடத்துக்குள் நுழைந்தால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. திருட்டுத்தனமாகப் போனால் அரை மணி நேரத்தில் அவசர அவசரமாகச் சுட்டுக்கொண்டு ஓடி வருவீர்கள். பூட்டைத் திறந்துவிட ஆள் இருந்தால், ஒரு அறையில் மட்டும் இரண்டு மணி நேரம் நிற்கலாம்.

அம்மாப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நடுவே, மூடிய தியேட்டர்களைத் தேடிப் போய் எடுப்பதுதான் என் சொந்த வேலை. நான் உரிமையாளரிடம் நேராகப் போவதில்லை. தியேட்டர் வாசலில் இன்னமும் டீக்கடையோ பெட்டிக்கடையோ இருக்கும். அங்கே உட்கார்ந்து, படம் ஓட்டிய பழைய ஆபரேட்டர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருப்பார். டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்ட் பார்த்தவர் யாராவது ஒருவர் வீடு காட்டுவார். அவரைக் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போங்கள். கேமராவோடு வரும் புது ஆளைப் பார்த்தால் சொத்துத் தகராறா, பத்திரிகையா என்று பயப்படுவார்கள். தன்னிடம் வேலை செய்தவர் கூட வந்து நின்றால் பேச்சே வேறு மாதிரி போகும்.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொண்டுபோங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் யார் வருகிறீர்கள், படங்களை விற்க மாட்டீர்கள், அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது, பிரிண்ட் ஒரு செட் அவர்களுக்குத் தருவீர்கள். இவ்வளவு போதும். பிரிண்ட் தருகிறேன் என்றதும் முகம் மலர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்களிடம் தங்கள் தியேட்டரின் நல்ல படம் ஒன்றுகூட இருக்காது.

ஆபரேட்டரை அவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கேபின், அதாவது புரொஜக்டர் ஓடும் அறை. எல்லோரும் கிழிந்த திரையையும் உடைந்த நாற்காலியையும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தில் வேலை நடந்த இடம் மேலே உள்ள அந்தச் சின்ன அறைதான். ஒவ்வொரு புரொஜக்டருக்கும் சுவரில் இரண்டு சதுர ஓட்டை இருக்கும்: ஒன்று வெளிச்சம் போக, இன்னொன்று ஆபரேட்டர் திரையைப் பார்க்க. ஓட்டைக்கு மேலே இரும்புத் தகடு தொங்கும். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் அணைக்கவே முடியாது. சூடு ஏறியதும் இணைப்பு உருகி, தகடு தானாக விழுந்து ஓட்டையை அடைத்துவிடும். தீ ஜனங்கள் இருக்கும் பக்கம் போகாது. அந்தத் தகட்டைக் கிட்டப் போய் எடுங்கள். அதன் கீழ் விளிம்பில் ஆபரேட்டரின் கை பட்டுப் பட்டு பெயின்ட் போய் இரும்பு மினுமினுக்கும்.

கார்பன் குச்சிகள் இரண்டின் நுனிக்கு நடுவேதான் வெளிச்சம் பிறந்தது. எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளியை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகை வெளியேறத்தான் கூரையை நோக்கித் தகரக் குழாய். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடி ரீல் என்றால் சுமார் 22 நிமிடம். திரையின் வலது மேல் மூலையில் சின்னப் புள்ளி ஒன்று வந்து போகும், நினைவிருக்கிறதா? அடுத்த மெஷினை ஓட்டத் தயாராகு என்று அர்த்தம். இரண்டாவது புள்ளியில் மாற்றியாக வேண்டும். இதையெல்லாம் அவர் அங்கேயே நின்று சொல்வார். மொபைலில் பதிவு செய்யுங்கள். அவர் எங்கே நிற்பார், கை எங்கே போகும் என்று காட்டச் சொல்லி, அவரையும் சேர்த்து எடுங்கள். வெறும் அறை அப்போதுதான் ஒருவர் வேலை பார்த்த அறையாகத் தெரியும்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய கம்பெனி. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் அங்கிருந்து வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956இல். இன்று வளைவு நிற்கிறது, உள்ளே இருந்த தளங்கள் போய்விட்டன. லைட்பாய் எந்த ஏணியில் ஏறினார், லேபில் எந்தத் தொட்டியில் கழுவினார்கள் என்பதை வளைவு சொல்லாது. உங்கள் தியேட்டருக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. விடாதீர்கள்.

இனி இருட்டு விஷயம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும். காலையில் போய், கிழக்குப் பார்த்த எக்ஸிட் கதவுகளை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 20 அல்லது 30 விநாடி. ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸில் அதிர்வைக் குறைக்கும் விஆர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் பிடிக்காது, ஒரு சீட்டின் மேல் டார்ச்சை வைத்து, அதில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். கதவு ஃபிரேமுக்குள் வந்தால் வெளிச்ச அளவை இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மாற்றி மூன்று படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். மூலை ரொம்ப இருட்டாக இருந்தால், ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக வீசுங்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். உள்ளே லென்ஸைக் கழற்றாதீர்கள். ரா ஃபைலில் எடுங்கள்.

கம்பியும் கலவையும்

அண்ணன் சொன்னதோடு கட்டட வேலை செய்பவனாகக் கொஞ்சம். இந்தத் தியேட்டர்களில் பெரும்பாலும் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் (ட்ரஸ்), மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே ஃபால்ஸ் சீலிங். சீலிங்குக்கு மேலே உள்ள இடத்தில் படம் நன்றாக வரும் என்று தோன்றும், ஏறாதீர்கள். அது ஆள் கனம் தாங்கக் கட்டியதே இல்லை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளைக் காலால் தள்ளுவதோ பெருக்குவதோ கூடாது, அதன் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. துணி மாஸ்க் உதவாது, ஆஸ்பெஸ்டாஸுக்கு என்95 கூடப் போதாது, பி100 ஃபில்டர் உள்ள மாஸ்க் போடுங்கள். வௌவால் எச்சம் குவிந்திருந்தாலும் அதே மாஸ்க்தான், அதைக் கிளறவும் வேண்டாம்.

பால்கனியில் ஏறும் முன், கீழே நின்று அதன் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மேலே போகவே வேண்டாம். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். பார்க்க நன்றாக இருக்கும் பால்கனியிலும் முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் சாயாதீர்கள். ஜெனரேட்டர் ரூம் பக்கம் தண்ணீர்த் தொட்டி மூடி இல்லாமல் இருக்கும், பகலிலும் பார்த்து நடங்கள். ஷூ, முழுக்கால் பேன்ட் கட்டாயம்.

நாகலூர் அக்கா

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே எழுதிய தம்பிக்கு நன்றி. இங்கே ஏற்காடு மலையில் ஒரு எஸ்டேட்டில் பழைய பல்ப்பர் வீடு இருந்தது. காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கும் இயந்திரம், பழம் தண்ணீரோடு வரும் வாய்க்கால், பக்கத்திலேயே ஊறவைக்கும் தொட்டிகள், அப்புறம் காயவைக்கும் களம், எல்லாம் அப்படியே இருந்தது. யாரோ வந்து எடுத்து, மேப்போடு போட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் தேக்குக் கதவு, பித்தளைக் கொண்டி, இயந்திரத்தின் செம்புத் தகடு ஒன்றும் மிஞ்சவில்லை. களம் முழுக்க பாட்டில். என் மாமியார் அந்தக் களத்தில் காப்பிக் கொட்டை தள்ளிப் பிழைத்தவர். இப்போது அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறார்.

அதனால் படங்களைப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். மொபைலில் எடுப்பதில் லொகேஷன் ஒட்டிக்கொண்டு வரும், முதலிலேயே அணைத்துவிடுங்கள். மலைக்கு எடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாழடைந்த பங்களாவைச் சுற்றிப் புதருக்குள் காட்டெருமை படுத்திருக்கும். தோட்டத்து ஆள் இல்லாமல் இறங்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையான்

டீக்கடையில் கேட்டேன். ஆபரேட்டர் சேலம் குகைப் பகுதியில் மகள் வீட்டில் இருக்கிறார். நேற்று அவரோடு முதலாளி வீட்டுக்குப் போனோம். கடிதத்தைப் படித்துவிட்டு, வரும் ஞாயிறு காலை ஏழிலிருந்து பதினொன்று வரை திறந்துவிடச் சொல்லியிருக்கிறார். சுவர் ஏறலாம் என்ற நண்பரும் வருகிறார், டார்ச் பிடிக்க.

அண்ணா, ஒரு சந்தேகம். கேபின் ரொம்பச் சின்னது, 18இல் வைத்தாலும் இரண்டு மெஷினும் சேர்ந்து வராது போலிருக்கிறது. வைட் லென்ஸ் வாடகைக்கு எடுக்கட்டுமா?

கார்பன் வெளிச்சம்

தேவையில்லை. கேமராவை நெட்டாக வைத்து, மட்டம் பார்த்துவிட்டு, இடமிருந்து வலமாக நாலைந்து படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு முந்தையதன் மேல் விழட்டும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் நிறுத்திவிடுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். வாடகைப் பணத்தில் ஆபரேட்டருக்கு ஆட்டோ வைத்துக் கூட்டி வாருங்கள். கேபின் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், அவர் ஏறும்போது ஒருவர் பின்னால் நில்லுங்கள். கேபினை முதலில் எடுத்துவிடுங்கள், பதினொரு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே அவரால் நிற்க முடியாது.